பதினேழாம் எண் டப்பா

20-10-1996, ஞாயிறு. ஆயுத பூஜை.
இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். முடிக்காத வேலைக்கு டிக் போட்டிருக்கிறேன். பதினேழாம் எண் டப்பாவின் போல்ட் அப்படியே மிஞ்சியிருக்கிறது.
நாளை: பதினேழாம் எண் போல்ட்டைப் போட வேண்டும். பத்து நிமிட வேலை.

மேலே இருப்பது என் டைரியிலிருந்து எடுத்தது. ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அன்றைக்கே, அந்தத் தேதியிலேயே எழுதி வைத்தேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மறைக்க நினைப்பவன் எழுதி வைக்க மாட்டான். இந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று எனக்கு நிச்சயமில்லை. ஆனாலும் அதை முதலில் வைக்கிறேன்.

என் பெயர் துரைராஜ். வயது இருபத்து மூன்று. பகலில் மறைமலை நகரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை. எந்தப் பெட்டியில் எத்தனை நட்டு இருக்கிறது, யார் எடுத்துப் போனார்கள் என்று அட்டையில் எழுதுவேன். மாலையில் தாம்பரத்தில் மெக்கானிக்கல் டிப்ளமோ வகுப்பு. இன்னும் இரண்டு பருவத் தேர்வுகள் பாக்கி. வகுப்பு இடைவேளையில் மற்றவர்கள் டீ குடிக்கப் போகும்போது நான் டைரி எழுதுவேன். அன்று செய்த தவறு ஒன்று, மறுநாள் செய்ய வேண்டியது ஒன்று. நாலு வருஷமாக ஒரு நாள்கூட விட்டதில்லை. தவறு இல்லாத நாளும் இருந்ததில்லை.

வீடு பொழிச்சலூரில். அப்பா அம்மா இல்லை. என்னைவிடப் பதினான்கு வயது மூத்த அண்ணன் லோகநாதன்தான் என்னை வளர்த்தார். பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, மஞ்சள் காமாலை வந்தபோது முதுகில் தூக்கிக்கொண்டு பல்லாவரம் வரை நடந்தது, தொழிற்சாலையில் ஆளைப் பிடித்து வேலை வாங்கித் தந்தது எல்லாம் அவர். அண்ணி பெயர் தனம். அவர்களுடைய மகள் பாலாம்பாளுக்கு நாலு வயது. அண்ணன் கேளம்பாக்கம் பக்கம் மனை காட்டும் தொழில் செய்துவந்தார். அவரைப் பற்றி என்னிடம் குறை எதுவும் இல்லை. இதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணனுடைய கார் ஜப்பான் கார். சின்னது, சிவப்பு. துபாயிலிருந்து திரும்பிய ஒருவரிடமிருந்து வாங்கினார். பின்கதவில் டர்போ என்று எழுதியிருக்கும். அந்த எழுத்துக்காகத்தான் வாங்கினார் என்று அண்ணி சொல்வார். டர்போ என்பது புகை வெளியேறும் வழியில் சுழலும் ஒரு சின்னக் காற்றாடி. இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். பயங்கர சூடாகும். அதனால் வண்டி ஓடி வந்து நின்றதும் சாவியைத் திருப்பி அணைத்துவிடக் கூடாது. ஒரு நிமிடம் இஞ்சினைச் சும்மா ஓடவிட வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில்தான் எண்ணெய் போய்க் காற்றாடியின் சூட்டைத் தணிக்கும்.

வாங்கிய புதிதிலேயே அண்ணனிடம் இதைச் சொன்னேன்.

"வண்டி இன்னாடா, ஏர் ஓட்டிட்டு வந்த மாடா? மூச்சு வாங்கட்டும்னு பக்கத்துல நிக்கறதுக்கு?" என்றார்.

நான் மறுபடி சொல்லவில்லை. ஒரு தடவை சொல்லிக் கேட்காதவரிடம் இரண்டாம் தடவை சொல்லும் பழக்கம் என்னிடம் இல்லை. ஒன்றரை வருஷத்தில் டர்போ இறுகி உடைந்தது. எண்ணெயெல்லாம் புகையோடு போய், வண்டலூர் பக்கத்தில் இஞ்சினும் இறுகிக்கொண்டது. ஜூலை மாதம். வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தோம். அன்று டைரியில் "இரண்டாம் தடவை சொல்லியிருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறேன்.

அந்த வண்டியின் இஞ்சினைத் தெரிந்த ஒர்க்‌ஷாப் எதுவும் எங்கள் பக்கம் இல்லை. புதுப்பேட்டையில், ஜப்பானில் கழித்துப்போட்ட கார்களிலிருந்து கழற்றிய இஞ்சின்கள் வரிசையாகக் கிடக்கும். அங்கே அதே இஞ்சின், டர்போவோடு, ஒன்று கிடைத்தது. டெம்போவில் ஏற்றி வந்து வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கொட்டகையில் இறக்கினோம். பம்மலிலிருந்து மாரி அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வேலை செய்வார் என்று ஏற்பாடு. அவர் லாரி மெக்கானிக். படிக்கத் தெரியாது. கையில் எடுத்த போல்ட்டின் கனத்தை வைத்தே அது எந்த ஸ்பேனருக்கு என்று சொல்லிவிடுவார்.

"நா கயட்டுவேன். எத்த எங்கேர்ந்து கயட்டுனேன்னு கேட்டா பேஜாராப் பூடும். அத்த நீ பாத்துக்கோ" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அதை நான் பார்த்துக்கொண்டேன். பல்லாவரத்தில் ஒரு ஸ்டூடியோவிலிருந்து காலி ஃபிலிம் ரோல் டப்பாக்கள் நாற்பத்தொன்று வாங்கி வந்து எண் ஒட்டினேன். ஒரு வேலைக்கு ஒரு டப்பா. நோட்டில் நாலு பத்தி: எண், வேலை, செய்தவர், டிக். மாட்டும்போது நான் எண்ணையும் வேலையையும் வாசிப்பேன். செய்தவர் "ஆச்சு" என்று சொன்னால் டிக். எங்கள் தலைக்கு மேலேதான் விமானங்கள் இறங்கும். விமானம் வந்தால் பேச்சை நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து வாசிப்பேன். மாரி அண்ணன் என்னை ரைட்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார். "ரைட்டரே, அடுத்த நம்பர் இன்னா?" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வரும். எனக்கு அது பிடித்திருந்தது. யாரும் என்னை எதற்காகவும் கேட்டு நின்றதில்லை.

டர்போ இஞ்சினின் பின்பக்கம், தடுப்புத் தகட்டோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. அதனால் இஞ்சினை மேலே தூக்க முடியவில்லை. முக்காலி கட்டி, செயின் பிளாக் போட்டு, காரின் உடம்பை மேலே தூக்கினோம். இஞ்சினும் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் கீழே இறங்கின. ஸ்டீயரிங்கின் கீழ்ப்பாதி அந்தச் சட்டத்தோடு சேர்ந்தது. ஆகவே ஓட்டுநரின் காலடியில் ஸ்டீயரிங் தண்டு சேரும் இடத்தைப் பிரிக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் ஒரே ஒரு போல்ட். சுண்டுவிரல் நீளம்தான். பன்னிரண்டு நம்பர் ஸ்பேனர். அதுதான் பதினேழு.

அந்த போல்ட் இல்லாவிட்டாலும் ஸ்டீயரிங் திரும்பும். தண்டில் பல் பல்லாக இருக்கும், ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். ஆனால் அதைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. ஒவ்வொரு குழியிலும் ஒரு நூல் நகரும். இது எனக்குத் தெரியும். பாடத்திலேயே இருக்கிறது.

ஆயுத பூஜையன்று வண்டி ஓட வேண்டும் என்று அண்ணன் முடிவு செய்திருந்தார். நாலரைக்கு ராகு காலம், அதற்குள் பூஜை முடிய வேண்டும் என்று அண்ணி. மூன்று மணிக்கு மாரி அண்ணன் அடியில் படுத்துப் புகைக்குழாயை மாட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே தலைகீழாகப் படுத்து ஸ்டீயரிங் தண்டைச் சேர்த்தேன். சேர்த்துவிட்டேன், போல்ட் மட்டும் பாக்கி. சக்கரங்கள் தரையில் நேராக நின்ற பிறகு ஸ்டீயரிங்கையும் நேராக வைத்துத்தான் அதை இறுக்க வேண்டும். அதுதான் சரியான முறை. வெளியே அண்ணன் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வரிசை விட்டுப்போகக் கூடாதே என்று நானே "பதினேழு" என்று வாசித்து, நானே "ஆச்சு" என்று சொல்லி டிக் போட்டேன். செய்தவர் பத்தியை மட்டும் காலியாக விட்டேன். இறுக்கிய பிறகு என் பெயரின் முதல் எழுத்தை எழுதலாம் என்று.

பிறகு பதினெட்டு, பத்தொன்பது என்று போய்க்கொண்டே இருந்தது. நாற்பத்தொன்று முடிந்ததும் அண்ணி ஸ்பேனர்களையெல்லாம் வாங்கிக் கழுவிப் பலகையில் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டினார். பன்னிரண்டு நம்பர் இடமிருந்து மூன்றாவது. அதற்குப் பொட்டு கொஞ்சம் பெரிதாக விழுந்திருந்தது. பூஜையில் வைத்த கருவியை அன்றைக்குத் தொடக் கூடாது, மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும்.

அதற்கப்புறம்தான் டப்பாக்களை அடுக்கினேன். பதினேழு கலகலத்தது.

அந்தச் சமயத்தில் வண்டி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. தெருவே கூடியிருந்தது. இஞ்சின் முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. அண்ணன் இறங்கி வந்து என் தோளில் கை போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"என் தம்பி நோட்டுல டிக்கு போட்டுட்டான்னா முடிஞ்சுது. ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி. யாரும் போய்ச் சோதிக்கத் தேவையில்ல."

மாரி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே, "ஒரு நட்டாச்சும் மிஞ்சிச்சா ரைட்டரே? மிஞ்சலன்னா நா வேலை செஞ்சா மாதிரியே தோணாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒன்னும் மிஞ்சலண்ணா" என்றேன். போல்ட் என் சட்டைப் பையில் இருந்தது.

அதுதான் முதல் பொய். அதற்கு முன்பு நான் செய்தது தவறு மட்டுமே. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால் பல தடவை யோசித்தேன். வண்டி ஒரு நாள் நின்றிருக்கும். அண்ணன் என் தலையில் ஒரு தட்டு தட்டியிருப்பார். மாரி அண்ணன் ஒரு வாரத்துக்கு அதைச் சொல்லிச் சிரித்திருப்பார். அவ்வளவுதான். அந்த அவ்வளவை என்னால் தாங்க முடியும் என்று அன்று தோன்றவில்லை.

மறுநாள் விஜயதசமி. காலையில் நான் ஸ்பேனரை எடுப்பதற்குள் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு பல்லாவரம் போய்விட்டார். அதுவே வழக்கமாயிற்று. ஆறு மணிக்குப் போய்ப் பேப்பரும் பாலும் வாங்கிக்கொண்டு ஆறரைக்குத் திரும்புவார். வாசலில் நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் இறங்கி, ஹாரனை ஒரு தடவை அடிப்பார். முதல் இஞ்சின் போனதிலிருந்து அவருக்கு பயம் வந்திருந்தது. ஆனால் பொறுமை வரவில்லை. ஆகவே அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். "உன் மாட்டுக்கு மூச்சு வாங்கட்டும், நீயே உக்காந்துக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பேன். ஒரு நிமிடம். சரியாக அறுபது விநாடி ஆனதும் அணைத்துச் சாவியை உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பேன். கை ஸ்டீயரிங்கில் இருக்கும். கால் இருக்கும் இடத்துக்கு ஒரு முழம் முன்னால் அந்தக் காலித் துளை. போல்ட் சட்டைப் பையில். இரண்டாம் நாளிலிருந்து ஸ்பேனரும் பேன்ட் பையில். எனக்கு ரயில் ஏழு ஐம்பதுக்கு. அண்ணன் மறுபடி வெளியே கிளம்புவது எட்டரைக்கு மேல். ஒரு மணி நேரம் வண்டி வாசலில் சும்மா நிற்கும்.

டைரியைப் பார்த்து எழுதுகிறேன். இருபத்தொன்றாம் தேதி: நாளை பதினேழாம் எண் போல்ட்டைப் போட வேண்டும். இருபத்திரண்டு: நாளை கட்டாயம். இருபத்து மூன்று: எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார், தலைகீழாகப் படுத்தால் என்னவென்று கேட்பார், நாளை. இருபத்து நான்கு, மழை. இருபத்தைந்து, மழை. இருபத்தாறில் காரணம் எழுதவில்லை, நாளை என்று மட்டும் இருக்கிறது.

இந்த நாட்களில் நான் ஒரு தடவைகூட அந்த வண்டியில் ஏறிப் போகவில்லை. இரண்டு நாள் அண்ணன் ஸ்டேஷனில் விடுகிறேன் என்றார். நடந்தால் நல்லது என்றேன். இதைக் குறிப்பிட வேண்டுமா என்று தயங்கினேன். நடந்தது நடந்ததுதானே, எழுதிவிட்டேன்.

இருபத்தேழாம் தேதி ஞாயிறு. அன்று ஒரு விஷயம் நடந்தது. அண்ணன் ஒரு பெயர்ப் பலகை கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்தார். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. துரைராஜ் டர்போ ஒர்க்ஸ். ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர் பக்கம் எனக்காக ஒரு ஷெட் பேசி முடித்துவிட்டாராம்.

"தீபாவளி கழிச்சு கிளாஸுக்கு ஒரு முழுக்கு போட்டுரு. அட்டை எழுதுற வேலையையும் விட்டுரு. டர்போ வண்டின்னா தாம்பரத்துல ஒரே ஆளு நீதான்னு இருக்கணும். மாரியும் உன்கூட இருப்பான். இன்னாடா, பேச்சையே காணோம்?"

நான் பேச வாயைத் திறந்தேன். விமானம் வந்தது. அண்ணன் பொறு என்று கையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றோம். விமானம் தாழ்ந்து, கூரைக்கு மேலே போய், சத்தம் அடங்கியது. அவர் கையை இறக்கினார்.

"இன்னா சொல்ல வந்தே?"

"ஒன்னுமில்லண்ணா. போர்டு நல்லாருக்கு."

நான் சொல்ல வேண்டியவை இரண்டு இருந்தன. படிப்பை விட மாட்டேன் என்பது ஒன்று, போல்ட் மற்றொன்று. அன்று எதைச் சொல்ல வாயைத் திறந்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

எங்கள் தோத்தாத்ரி சார் வகுப்பில் அடிக்கடி ஒன்று சொல்வார், இரண்டு சங்கதிகள் அடுத்தடுத்து நடந்தன என்பதற்காக ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடாதே என்று. ஷெட் விஷயத்துக்கும் போல்ட்டுக்கும் சம்பந்தம் இல்லை. போல்ட் இருபதாம் தேதியே விட்டுப்போயிற்று. ஷெட்டைப் பற்றி நான் அறிந்தது இருபத்தேழில். படிப்பவர்கள் இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துப் படிக்கக்கூடும் என்பதால்தான் இதை விளக்குகிறேன். ஆனால் இருபத்தேழுக்குப் பிறகு டைரியில் நாளை என்று எழுதும்போது கை முன்னைவிட லேசாக இருந்தது. அது உண்மை.

இருபத்தொன்பதாம் தேதி அந்த ஒரு நிமிடத்தில் ஸ்டீயரிங்கை மெல்ல ஆட்டிப் பார்த்தேன். ஒரு விரல் அகலத்துக்கு ஆட்டம் இருந்தது. திருப்பும்போது காலடியில் சின்னதாக ஒரு சத்தம். மறுநாள் ஆட்டம் இரண்டு விரலாயிற்று. அன்று இட்லி சாப்பிடும்போது அண்ணனே கேட்டார்.

"ஸ்டீயரிங் கொஞ்சம் லூசா கீற மாதிரி இருக்கே. மாரியக் கூப்பிடலாமா?"

"புது இஞ்சின்ணா. ஓட ஓட செட்டாயிடும்" என்றேன்.

அண்ணன் தலையாட்டிவிட்டு அடுத்த இட்லியை எடுத்துக்கொண்டார். நான் சொன்னால் அவருக்குப் போதும். அதை அவர் தெருவுக்கு நடுவில் நின்று சொல்லியிருந்தாரே.

முப்பத்தொன்று வியாழக்கிழமை. எங்கள் தொழிற்சாலைக்கு அன்று விடுமுறை. கேளம்பாக்கத்தில் ஒரு மனையைக் காட்டிவிட்டு அப்படியே திருப்போரூர் கோயிலுக்குப் போய் வரலாம் என்று அண்ணன் அண்ணியையும் குழந்தையையும் கிளம்பச் சொல்லியிருந்தார். பாலாம்பாளுக்கு நீலப் பாவாடை கட்டி, இரட்டைப் பின்னல் போட்டு, தயாராக உட்கார வைத்திருந்தார்கள். நான் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சுடுகிறது அண்ணி என்றேன். அண்ணியும் தொட்டுப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. தூறலாக வேறு இருக்கிறது, கூட்டிப் போக வேண்டாம் என்றேன். அண்ணி யோசித்துவிட்டுப் பின்னலை அவிழ்க்க ஆரம்பித்தார். குழந்தை அழுதது.

குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. இதை எனக்குச் சாதகமான ஒன்றாகக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் இல்லையென்றால் அண்ணியும் குழந்தையும் இன்று இல்லை. அப்படியென்றால் எனக்கு முன்கூட்டியே தெரியும் என்றுதானே ஆகிறது என்று யாராவது கேட்கலாம். எழுதும்போது எனக்கும் அது தோன்றுகிறது. அந்த இடத்துக்கு வந்ததும் என்னால் மேலே யோசிக்க முடியவில்லை.

அண்ணன் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். வண்டி வாசலில் கதவு திறந்தபடி நின்றது. கால் மணி நேரம் இருக்கும். ஸ்பேனர் வலது பையில், போல்ட் சட்டைப் பையில். தெருவில் யாரும் இல்லை. அன்று மழைகூட வலுக்கவில்லை. நான் வாசல் கேட் பக்கத்தில் நின்றேன். கைகள் கட்டியிருந்தன என்று சொல்வார்களே, அப்படி இல்லை. கைகள் சும்மாதான் இருந்தன. அவை எனக்கு முன்னால் தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வந்து உட்கார்ந்தார்.

"மெதுவா போங்கண்ணா" என்றேன்.

"டர்போவ வெச்சிகினு மெதுவாவா?" என்று சிரித்தார். "மாட்ட சாயங்காலம் நீயே மூச்சு வாங்கவுடு."

அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. பத்தேகால் மணிக்கு மாம்பாக்கம் தாண்டி ஏரிக்கரை வளைவில் ஸ்டீயரிங் திரும்பியது. சக்கரங்கள் திரும்பவில்லை. அங்கே புளியமரத்தடியில் பஸ்ஸுக்காக ஒரு பெண் நின்றிருந்தார். கட்டிட வேலைக்குப் போகிறவர். பெயர் பொன்னியம்மாள், வயது முப்பத்தெட்டு என்று மறுநாள் பேப்பரில் பார்த்தேன். கையில் சாப்பாட்டுத் தூக்கு இருந்ததாம். அண்ணனைப் பற்றி நான் அந்தப் பதினோரு நாளும் யோசித்திருக்கிறேன். அண்ணியைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் யோசித்திருக்கிறேன். பஸ்ஸுக்கு நின்ற அந்தப் பெண்ணை மட்டும் நான் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

அண்ணனைத் தகனம் செய்துவிட்டு வந்த மறுநாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தார். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்துவிட்டு ஸ்டீயரிங் தண்டில் போல்ட்டே இல்லை என்று எழுதியிருக்கிறாராம். விபத்தில் உடைந்து விழுந்த அடையாளமும் இல்லையாம். வேலை செய்தது யார் என்று கேட்டார். மாரி என்ற மெக்கானிக்கும் நானும் என்றேன். எது எதை யார் செய்தது என்று கேட்டார். நோட்டு இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்றேன்.

உள்ளே போய் நோட்டைத் திறந்தேன். பதினேழுக்கு நேரே டிக் இருந்தது. செய்தவர் பத்தி காலியாக இருந்தது. காலியாக இருந்தால் கேள்வி வரும். பேனாவை எடுத்து "மா" என்று எழுதினேன். அதற்கு அரை விநாடிதான் ஆயிற்று. மற்ற நாற்பது வரிகளில் இருபத்தாறில் "மா" என்றுதான் இருந்தது. இதுவும் அவற்றோடு ஒன்றாகிவிட்டது. மை உலரட்டும் என்று கொஞ்சம் நின்றுவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வந்தவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு சுத்தமாக ஸ்டேஷன் ரெக்கார்டுகூட இருக்காது என்று சொன்னார்.

மாரி அண்ணனை பம்மலில் அவர் வீட்டிலிருந்து கூட்டிப் போனார்கள். அடையாளம் காட்ட என்னையும் வரச் சொன்னார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் போனதற்கு முதலில் அழுதார். பிறகு, எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் காதிலும் விழும்படி, நிதானமாகச் சொன்னார்.

"போல்ட்டு போட்ட ஞாபகமும் இல்ல, போடாத ஞாபகமும் இல்ல ரைட்டரே. ராவும் பகலும் யோசிக்கிறேன். நா அடியில கெடந்தேன், அது உள்ளார கீற வேலை. ஆனா நோட்டுல நம்ம பேரு கீதாமே. நீ எழுதிகீறேன்னா நான்தான் வுட்டுட்டேன். உன் நோட்டு பொய் சொல்லாது."

பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என் அண்ணனைக் கொன்றுவிட்டதற்காக.

நான் அவர் தோளைத் தொட்டேன். பரவாயில்லைண்ணா என்று சொன்னதாக நினைவு. சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

அவர் இப்போது சப்-ஜெயிலில் இருக்கிறார். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட இரண்டு பேர் வேண்டுமாம், ஆள் கிடைக்கவில்லை. அவர் மனைவி அங்காளம்மாள் மூன்று தடவை வீட்டுக்கு வந்துவிட்டார். தீபாவளியன்றும் வந்தார். அண்ணி அவரை உள்ளே விடுவதில்லை, கொலைகாரன் பெண்டாட்டி என்று வாசலிலேயே நிறுத்திவிடுகிறார். அண்ணியைத் தப்பு சொல்ல முடியாது. நான்தான் வெளியே போய்ப் பேசி அனுப்புகிறேன். வகுப்புக்குப் பன்னிரண்டாம் தேதியிலிருந்து போக ஆரம்பித்துவிட்டேன். பருவத் தேர்வு அடுத்த மாதம். பெயர்ப் பலகை இன்னும் சுவரில் சாய்ந்தபடிதான் இருக்கிறது. பாலாம்பாள் அதில் சாக்பீஸால் எழுதிப் பழகுகிறாள்.

இன்று பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. எல்லோரும் போன பிறகு கொட்டகையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாற்பத்தொரு டப்பாக்களும் அலமாரியில் இருக்கின்றன. போல்ட்டைப் பதினேழாம் எண் டப்பாவிலேயே மறுபடி வைத்துவிட்டேன். எந்தப் பொருளும் அதன் இடத்தில் இருக்க வேண்டும்.

முதல் பத்தியில் சின்னத் தவறு என்று எழுதியிருக்கிறேன். மாற்றக் கூடாது என்பதால் மாற்றவில்லை. போல்ட்டை விட்டது தவறு. விட்டதைத் தெரிந்துகொண்டு, பையில் அதையும் ஸ்பேனரையும் வைத்துக்கொண்டு, பதினோரு நாள் அவரை ஓட்டவிட்டதற்குப் பெயர் கொலை. இரண்டு பேர். மூன்றாவதாக ஒருவர் உள்ளே இருக்கிறார். இதை எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. எழுதினால் எனக்கு எப்போதுமே அப்படித்தான். பாதி வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

15-11-1996, வெள்ளி.
இன்றைய தவறு: அங்காளம்மாளிடம் மறுபடியும் "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பியது.
நாளை: ஸ்டேஷனுக்குப் போய் மாரி அண்ணனைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். பத்து நிமிட வேலை.